துணுக்கும் கவளமும்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

முன்வரிசையில் அமர்ந்து, பந்தலுக்குப் பின்னே ஆவி பறக்கும் பொங்கல் அண்டாவின் மீதே கண்ணாயிருக்கும் அருமைக் குழந்தைகளே!

நாம் புலவர் அல்லோம். பள்ளியிறுதித் தேர்வுக்கு மேல் பயின்றவரும் அல்லோம். இருபது ஆண்டுகளாகக் கரக்பூர் இரயில் நிலையத்துப் பார்சல் அலுவலகத்தில், மூட்டைகளின் எடையையும் அவை சேரவேண்டிய ஊரின் பெயரையும் எழுதிக் காலங்கழித்து வருகின்றோம். ஆயினும் அத்தொழில் நமக்கு ஒரு வழக்கத்தைக் கற்றுத் தந்திருக்கிறது. எந்த மூட்டையைக் கண்டாலும், 'இது எங்கே ஏற்றப்பட்டது? எவ்வூர் வழியாக வந்தது? யாரிடம் சேரவேண்டும்?' என்று கேட்கத் தோன்றும். அண்மையில் ஒரு சொல்லையும் அவ்வாறே கேட்டுப் பார்த்தோம். அதன் விளைவே இவ்வுரை.

எங்கள் இளைய மகளுக்கு வயது பத்து. அவள் பயிலும் ஆங்கிலப் பள்ளியில் ஒரு நாள் வீட்டுப்பாடம் தந்திருந்தார்கள். 'டிட்பிட்' என்னும் ஆங்கிலச் சொல்லுக்குப் பொருள் எழுதவேண்டும். அதற்கு நேரான சொல்லை அவரவர் தாய்மொழியில் கேட்டு எழுதி வரவேண்டும். அந்தி நேரத்தில் குழந்தை குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு வந்து, "அப்பா, இதற்குத் தமிழில் என்ன?" என்று வினவினாள்.

"துணுக்கு என்று எழுது" என்றோம்.

அவள் எழுதவில்லை. "இந்தச் சொல்லை நான் கேட்டதே இல்லையே அப்பா! நம் வீட்டில் யாரும் சொல்வதில்லையே!" என்றாள்.

உள்ளே அடுப்படியிலிருந்த அவள் அன்னை, "ஒரு வாய் என்று எழுதேன், 'ஒரு வாய் சாப்பிடு' என்று பாட்டி சொல்வார்களே" என்று குரல் கொடுத்தார்.

குழந்தை சிரித்துவிட்டாள். "எல்லாருக்கும் ஒரு வாய்தானே அம்மா?" என்றாள்.

நாங்களும் சிரித்தோம். ஆனால் அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை. பத்து வயதுத் தமிழ்க் குழந்தைக்கு 'டிட்பிட்' தெரிந்திருக்கிறது, 'துணுக்கு' தெரியவில்லை, 'ஒரு வாய்' நகைப்பாகத் தோன்றுகிறது. இது யார் பிழை? அந்த வினாவை நெஞ்சில் வைத்துக்கொண்டுதான் அகராதிகளைப் புரட்டத் தொடங்கினோம். வினாவுக்கு விடை பின்னால் வரும். முதலில் சொல்லின் கதையைக் கேளுங்கள்.

'டிட்பிட்' என்பது இரு சொற்கள் கூடிய தொடர். முற்பகுதியாகிய 'டிட்' என்பது இங்கிலாந்தின் நாட்டுப்புற வழக்கு. மென்மையானது, செல்லமானது என்பது அதன் பொருள் என அகராதியார் கருதுவர். பிற்பகுதியாகிய 'பிட்' என்பது துண்டு. இரண்டும் கூடினால் 'செல்லத் துண்டு' என்று நாம் கூறலாம். இச்சொல் எழுத்தில் பதிவான காலம் ஏறத்தாழ 1640. அதனைப் பதிவு செய்தவர் பெரும் புலவர் அல்லர். குளோஸ்டர்ஷயர் மாவட்டத்தில் பெர்க்லி என்னும் பிரபுக் குடும்பத்தின் பண்ணைக் காரியங்களைக் கவனித்துவந்த ஜான் ஸ்மித் என்பவர். நிலக்கணக்கும் ஆவணமும் பேணிவந்த அவர், தம் வட்டாரத்து மக்கள் பேசும் சொற்களையும் ஆர்வத்துடன் குறித்துவைத்தார். நம்மைப் போன்ற ஒரு கணக்கர் செய்த தொண்டு அது என்பதில் நமக்குச் சிறிது பெருமையும் உண்டு.

அவர் அச்சொல்லுக்குத் தந்த விளக்கம்தான் நம் உள்ளத்தைத் தொட்டது. வெறுமனே சிறு துண்டு என்று அவர் எழுதவில்லை. கடைசியில் உண்பதற்கென்று ஒதுக்கி வைத்திருக்கும் சிறப்பான கவளம் என்ற கருத்தில் எழுதினார். அன்பர்களே! இதை நாம் அறிய மாட்டோமா? இலையில் பரிமாறிய வடையை ஓரமாக ஒதுக்கி வைத்து, சாம்பார், ரசம், மோர் யாவும் முடிந்த பின்னர் அதைக் கையில் எடுக்கும் பிள்ளைகள் நம் ஒவ்வோர் இல்லத்திலும் உண்டு. நானூறு ஆண்டுகளுக்கு முன்னர் இங்கிலாந்தின் சிற்றூர்ப் பிள்ளைகளும் அதையே செய்திருக்கின்றனர். பிள்ளைமனம் எந்நாட்டிலும் ஒன்றே.

இச்சொல்லை அமெரிக்கர் ஒருவாறும் இங்கிலாந்தினர் வேறொருவாறும் எழுதுவர். முற்பகுதியின் கடைசி எழுத்து அமெரிக்கருக்கு ஆங்கில நெடுங்கணக்கின் நான்காம் எழுத்து. இங்கிலாந்தினருக்கு இருபதாம் எழுத்து. பழைய வடிவத்தைக் காத்து வைத்திருப்பவர் கடல் கடந்து சென்ற அமெரிக்கரே. தாயகத்தில் திரிந்த சொல், குடிபெயர்ந்தோர் நாவில் பழைய உருவோடு நின்றது. குடிபெயர்ந்து வாழும் நாம் இதை மனத்தில் கொள்ளவேண்டும்.

இனி, 'பிட்' என்னும் பகுதியைச் சற்றே ஆராய்வோம். அது 'கடித்தல்' என்னும் பொருளுடைய 'பைட்' என்ற வினையின் உடன்பிறப்பு. பழைய ஆங்கிலத்தில் 'பிட்டா' என்றால் கடித்தெடுத்த துண்டு. நாவைக் கடிக்கும் சுவையாகிய கசப்புக்குப் பெயரான 'பிட்டர்' என்பதும், மீனைக் கடிக்கத் தூண்டும் இரையாகிய 'பெயிட்' என்பதும் அக்குடும்பத்தினவே.

சிறு கவளத்துக்கு ஆங்கிலத்தில் 'மார்சல்' என்றும் ஒரு சொல் உண்டு. அது பழைய பிரெஞ்சு மொழி வழியாக இலத்தீனிலிருந்து வந்தது. இலத்தீனில் 'மோர்சஸ்' என்றால் கடி. 'ஸ்நாக்' என்று இன்று கடைதோறும் பொட்டலத்தின் மேல் அச்சிட்டிருக்கும் சொல், டச்சு மொழியில் வெடுக்கெனக் கடித்தலைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது. ஆங்கிலத்தில் அது முதலில் நாயின் கடியையும், பின்னர் ஒருவருக்குரிய பங்கையும், அதன் பின்னரே சிற்றுணவையும் குறித்தது. ஆக, சிறு உணவைச் சுட்டும் மூன்று ஆங்கிலச் சொற்களையும் தோண்டிப் பார்த்தால், மூன்றின் அடியிலும் பல் தெரிகிறது!

நம் தமிழில் அடியில் தெரிவது யாது? கை தெரிகிறது. 'ஒரு பிடி சோறு' என்கிறோம்; பிடிப்பது கை. 'ஓர் உருண்டை' என்கிறோம், உருட்டுவது கை. 'தொட்டுக்கொள்ள' என்கிறோம், தொடுவது விரல். காரணம் எளிது. ரொட்டியும் இறைச்சியும் கடித்து உண்பவை. சோறு கூட்டிப் பிசைந்து எடுத்து உண்பது. 'கடித்துக்கொள்ள' என்று நாமும் கூறுவதுண்டு. 'கைப்பிடி அளவு' என்று அவர்களும் கூறுவதுண்டு. எனவே இதைக்கொண்டு ஒரு மொழி உயர்ந்தது, மற்றொன்று தாழ்ந்தது என்று முழங்குதல் முறையன்று. ஆங்கிலத்தில் தோழனைக் குறிக்கும் 'கம்பேனியன்' என்னும் சொல்லின் மூலப்பொருள், உடன் அமர்ந்து ரொட்டி உண்பவன் என்பதாகும். அதில் எத்துணை அன்பு இருக்கிறது!

ஆயினும் ஒரு வேறுபாடு எண்ணத்தக்கது. கடித்த துண்டு, கடித்தவனுக்கே உரியது. பிடித்த பிடியையோ மற்றொருவர் வாயில் ஊட்டலாம். நம் மூதாட்டியர் கல்சட்டியில் சோறு பிசைந்து, பிள்ளைகளைச் சுற்றி உட்காரவைத்து, நீட்டிய உள்ளங்கைகளில் உருண்டை உருட்டி வைத்தார்கள் அல்லவா? அங்கே கவளம் என்பது கொடுக்கப்படும் பொருள். 'ஒரு வாய்' என்று அவர்கள் கூறியதும் தம் வாயை எண்ணியன்று; எதிரே இருக்கும் பிள்ளையின் வாயை எண்ணியே.

நம் அண்டை வீட்டாராகிய வங்காளியர் சிற்றுணவை 'ஜல்காபார்' என்பர். நீரோடு உண்ணும் உணவு என்பது அதன் பொருள். பொரியை அவர்கள் உண்ணும் மாலை வேளையில் நாம் 'டிபன்' உண்கிறோம். 'டிபன்' தமிழ்ச் சொல் போலவே நம்மிடம் பழகிவிட்டது. ஆனால் அதுவும் ஆங்கிலமே. சிறிது சிறிதாகப் பருகுதலைக் குறித்த பழைய கொச்சைச் சொல்லிலிருந்து, இந்தியாவில் வாழ்ந்த ஆங்கிலேயர் வழக்கில் அது உருவாயிற்று. தான் பிறந்த நாட்டில் மங்கிப்போன அச்சொல், நம் டிபன் கேரியரில் ஏறி இன்றும் பயணம் செய்கிறது. அதற்கு ஈடாக நம் மிளகுத் தண்ணீரை அவர்கள் 'மல்லிகடானி' என்று பெயர் திரித்து, தங்கள் உணவு மேசைக்கு எடுத்துச் சென்றனர். சொற்களும் பார்சல்களே; சில வேளை முகவரி மாறிச் சேர்ந்துவிடுகின்றன.

'துணுக்கு' என்னும் நம் சொல்லின் பிறப்பிடம் யாது? துணித்தல் என்றால் வெட்டுதல். வெட்டப்பட்ட ஆடை, துணி. அதே குடும்பத்தில் துண்டு, துண்டம், துணுக்கு ஆகியவை பிறந்தன. 'டிட்' என்பதும் 'துண்டு' என்பதும் ஒலியால் அண்மையில் இருப்பது கண்டு, ஆங்கிலச் சொல் நம்மிடமிருந்து சென்றது என்று சிலர் மகிழக்கூடும். அது பொருந்தாது. ஒலி ஒத்த இடமெல்லாம் உறவு காண்பது, பெயர் ஒத்த ஊரில் பார்சலை இறக்குவது போன்ற பிழை.

ஆனால் பொருளால் இரு சொற்களும் சந்தித்த இடம் ஒன்று உண்டு. அது பத்திரிகை உலகம்.

ஜார்ஜ் நியூன்ஸ் என்பவர் இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் அலங்காரப் பொருள் வணிகத்தில் ஈடுபட்டிருந்தார். ஒருநாள் மாலைச் செய்தித்தாளில், கட்டுக்கடங்காமல் ஓடிய இரயில் வண்டி ஒன்றைப் பற்றிய சுவையான செய்தியைத் தம் மனைவியாருக்குப் படித்துக் காட்டினார் என்பர். 'இத்தகைய சுவையான துணுக்குகளை மட்டுமே தொகுத்து ஓர் இதழ் வெளியிட்டால் என்ன?' என்ற எண்ணம் அப்போது அவருக்கு உதித்தது. முதல் போட யாரும் முன்வரவில்லை. அவர் தளரவில்லை. மான்செஸ்டரில் ஒரு மரக்கறி உணவகம் திறந்தார். அதில் பொருள் ஈட்டினார். 1881ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 22ஆம் நாள் 'டிட்-பிட்ஸ்' என்னும் வார இதழைத் தொடங்கினார். கவளத்தைக் குறித்த சொல்லைத் தலைப்பாகக் கொண்ட இதழ், கவளம் விற்ற காசில் பிறந்தது என்பது எவ்வளவு பொருத்தம்!

அவ்விதழ் பெருவெற்றி பெற்றது. 1870ஆம் ஆண்டின் கல்விச் சட்டத்தால் இங்கிலாந்தில் ஏழை எளியவர் வீட்டுப் பிள்ளைகளும் பள்ளிக்குச் செல்லத் தொடங்கியிருந்த காலம் அது. புதிதாகப் படிக்கத் தெரிந்தவர்களுக்குப் பெரிய நூல்கள் அச்சமூட்டின. இரயிலில் வேலைக்குச் செல்வோருக்கு, இரண்டு நிலையங்களுக்கு இடையே படித்து முடிக்கத்தக்க செய்தி தேவைப்பட்டது. நியூன்ஸ் அதை அறிந்தார். 1885ஆம் ஆண்டில் அவர் அறிவித்த திட்டம் ஒன்றை நம் இரயில்வேத் தோழர்கள் கேட்டால் வியப்பர். இரயில் விபத்தில் ஒருவர் உயிரிழக்க நேர்ந்து, அவரிடம் அவ்வார இதழ் இருக்கக் காணப்பட்டால், அவருடைய குடும்பத்தாருக்கு நூறு பவுன் வழங்கப்படும் என்பதே அத்திட்டம்!

இன்று நகைச்சுவை மன்னராகப் போற்றப்படும் உட்ஹவுஸ் தம் இளமையில், 1900ஆம் ஆண்டில், அவ்விதழில் எழுதினார். ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகள் வெளிவந்து புகழ்பெற்ற 'ஸ்டிராண்ட்' மாத இதழையும் நியூன்ஸ்தாம் 1891இல் தொடங்கினார். துணுக்கு இதழில் ஈட்டிய பொருள் பெருங்கதைகளுக்கு வழி திறந்தது. 'டிட்-பிட்ஸ்' நூறாண்டைக் கடந்து வாழ்ந்து, 1984இல் நின்றது.

நம் தமிழ் இதழ்களும் பக்கத்தின் அடியில் எஞ்சிய இடத்தில் சிறுசெய்திகளை வெளியிட்டு, அவற்றுக்குத் 'துணுக்கு' என்றே பெயரிட்டன. தமிழ்வாணன் அவர்கள் ஆசிரியராக இருந்து நடத்திய 'கல்கண்டு' துணுக்குகளுக்கே பெயர்பெற்ற இதழ். வாயிலிட்டுச் சுவைக்கும் சிறு பண்டத்தின் பெயரையே அதுவும் தாங்கியிருந்தது. ஆங்கிலத்தில் நடந்தது தமிழிலும் நடந்தது. நாவுக்குரிய சொல் அறிவுக்குரியதாயிற்று. நம் போன்றோர் நூலகம் இல்லாத சிற்றூர்களில், மளிகைப் பொட்டலம் கட்டி வந்த தாளில் துணுக்குகளைப் படித்தே உலகத்தை அறிந்தோம். ஆகவே துணுக்கை இகழ்ந்து பேச நமக்கு நா எழாது.

ஆயினும், அன்பர்களே, இங்கேதான் நம் பேச்சின் நடுப்பகுதிக்கு வருகிறோம். துணுக்கு சுவை தரும், பசி தீர்க்காது. இலையின் ஓரத்தில் ஒதுக்கிவைத்த வடை இனிப்பது ஏன்? நடுவில் சோறு இருப்பதால். சோறே இல்லாத இலையில் வடையை மட்டும் வைத்து ஒரு பிள்ளையை எத்தனை நாள் வளர்க்க இயலும்?

நம் காலனியில் தமிழ் இன்று எவ்வாறு பரிமாறப்படுகிறது என்று எண்ணிப் பாருங்கள். பொங்கலுக்கு ஒரு கோலம். ஆண்டு விழாவுக்கு ஒரு நடனம். தொலைபேசியில் பாட்டியிடம் 'நல்லா இருக்கேன்' என்று இரண்டு சொல். விழா ஒத்திகை என்றால் அரங்கம் கொள்ளாத குழந்தைகள் வருகின்றனர். அதே அரங்கில் ஞாயிறு காலைத் தமிழ் வகுப்பு என்றால் விரல்விட்டு எண்ணத்தக்கவரே வருகின்றனர். பிறரைக் குறை கூற நாம் இங்கே நிற்கவில்லை. வகுப்புக்கு வராத குழந்தைகளின் பட்டியலில் எங்கள் இளைய மகளும் இருந்தாள். 'கணக்கு டியூஷன் இருக்கிறது; தமிழ் தானாக வந்துவிடும்' என்று நாங்களே கூறிக்கொண்டோம்.

அது தானாக வரவில்லை.

எம் அன்னையார் கும்பகோணத்துக்கு அருகில் ஒரு சிற்றூரில் வாழ்ந்தார்கள். ஆண்டுக்கொரு முறை பாஸ் எடுத்து, கோரமண்டல் எக்ஸ்பிரசில் சென்னை சென்று, அங்கிருந்து ஊருக்குச் செல்வோம். பத்து நாள் தங்குவோம். அந்தப் பத்து நாளும் மாலை வேளையில் திண்ணையில் பாட்டியும் பேத்தியும் அமர்ந்திருப்பார்கள். பாட்டி சோறு பிசைந்து உருண்டை உருட்டித் தருவார்; உருண்டைக்கு ஒரு பகுதியாகக் கதை கூறுவார். "ஒரு வாய் வாங்கிக்கடி கண்ணு, அப்புறம் அந்த ராசா என்ன செஞ்சான் தெரியுமா?" என்று கதை நடக்கும். குழந்தையும் வாங்கி உண்பாள், தலையை ஆட்டுவாள். நாங்கள் அதைப் பார்த்து அகமகிழ்ந்து நின்றோம்.

சென்ற மாசியில் எம் அன்னையார் காலமானார்கள். காரியங்கள் முடிந்து இரயிலில் திரும்பி வருகையில், சாளரத்தின் ஓரத்தில் அமர்ந்திருந்த குழந்தை மெல்ல ஒன்று கூறினாள். "அப்பா, பாட்டி சொன்ன கதை எனக்குப் பாதி புரியவில்லை. கேட்டால் பாட்டி வருத்தப்படுவார்கள் என்று புரிந்தது போலத் தலையாட்டினேன். அந்த ராஜா கடைசியில் என்ன செய்தான்?"

நமக்கு விடை தெரியவில்லை. அந்தக் கதையை நாம் நம் இளமையில் கேட்டிருக்கவேண்டும், மறந்துவிட்டோம். இனிக் கேட்பதற்கு அன்னையார் இல்லை.

சற்று முன்னர் 'மார்சல்' என்னும் சொல்லைக் கூறினோம். கடி என்னும் பொருளுடைய அதே இலத்தீன் வேரிலிருந்து ஆங்கிலத்தில் இன்னொரு சொல்லும் பிறந்திருக்கிறது. அது 'ரிமார்ஸ்'. மீண்டும் கடித்தல் என்பது அதன் மூலப்பொருள். செய்யத் தவறியதை எண்ணி நெஞ்சு தன்னைத்தானே கடித்துக்கொள்ளும் துன்பத்துக்கு அது பெயர். நாம் அதைக் கழிவிரக்கம் என்கிறோம். கவளத்துக்கும் கழிவிரக்கத்துக்கும் ஒரே வேர் எப்படி அமைந்தது என்று அகராதியைப் படித்தபோது வியந்தோம். அந்த இரயில் பயணத்தை நினைத்தபோது வியப்பு நீங்கிற்று. உரிய காலத்தில் ஊட்டாத கவளம், பின்னர் ஊட்ட வேண்டியவரின் நெஞ்சையே கடிக்கிறது.

'இது யார் பிழை?' என்று தொடக்கத்தில் ஒரு வினா எழுப்பினோம். அதற்கு விடை இதுவே. பள்ளியின் பிழை அன்று. அவர்கள் 'தாய்மொழியில் எழுதி வா' என்றுதான் அனுப்பினார்கள். ஊரின் பிழையும் அன்று. வங்கம் நமக்குச் சோறிட்டு வாழ்வித்திருக்கிறது. நாங்கள் நடுச்சோற்றைப் பரிமாறாமல் ஓரத்துத் துணுக்கை மட்டும் வைத்தோம், பிழை எங்களுடையது.

இனிச் செய்யத்தக்கது யாது? பெருந்திட்டம் எதுவும் நம்மிடம் இல்லை. ஜான் ஸ்மித் தம் பண்ணைக் கணக்கின் நடுவே சொற்களைக் குறித்தது போன்ற ஒரு சிறு செயலே உண்டு. வீட்டுப்பாடம் வந்த அன்று தொடங்கி, எங்கள் இல்லத்தில் இரவு உணவின்போது ஒரு வழக்கம் ஏற்படுத்தியிருக்கிறோம். குழந்தைகள் அறியாத தமிழ்ச் சொல் ஒன்றை அன்னையோ தந்தையோ கூறவேண்டும். அது இலையில் கண்ணெதிரே இருப்பதன் பெயராக இருத்தல் நலம். பருக்கை, வண்டல், கசடு, கொறித்தல், நொறுக்கு, அடிப்பற்றல் என்று ஒவ்வொன்றாக வந்தன. மறுநாள் அச்சொல்லை வைத்துக் குழந்தைகள் ஒரு வாக்கியம் கூறவேண்டும். வாரக் கடைசியில், அவ்வாரத்துச் சொற்கள் யாவும் வருமாறு யாரேனும் ஒருவர் ஒரு கதை கூறவேண்டும். துணுக்குகள் சேர்ந்து சோறாவது அந்தக் கதையில்தான்.

சென்ற வாரம் இளைய மகள் கூறிய கதையில் ஒரு ராஜா வந்தான். அவனுக்கு என்ன முடிவு என்று கேட்டோம். "பாட்டி சொன்னது தெரியாது, அதனால் நானே ஒன்று வைத்துவிட்டேன்" என்றாள். அவள் வைத்த முடிவு இங்கே கூறவேண்டிய அளவு பெரிதன்று. அதைத் தமிழில் வைத்தாள் என்பதே போதும். ஞாயிறு வகுப்புக்கும் இப்போது அவள் வருகிறாள்.

நியூன்ஸ் பற்றி இன்னும் ஒரு செய்தி. அவர் பொருளுதவி செய்து டெவன்ஷயர் கடற்கரையில் லிண்டன், லிண்மவுத் என்னும் இரண்டு ஊர்களுக்கிடையே மலைச்சரிவில் ஓர் இரயில் அமைந்தது. அது 1890இல் திறக்கப்பெற்றது. அதற்கு நீராவியும் இல்லை, மின்சாரமும் இல்லை. ஒரே கம்பிவடத்தில் இரண்டு பெட்டிகள் பிணைக்கப்பட்டிருக்கும். மேலே நிற்கும் பெட்டியின் தொட்டியில் நீர் நிரப்புவர். எடை மிகுந்து அது கீழே இறங்கும்போது, கீழே நிற்கும் பெட்டி மேலே ஏறும். இவ்வளவே அதன் இயக்கம்.

மேலே நிற்கும் பெட்டி நாம்; கீழே நிற்பது நம் பிள்ளைகள். நம் தொட்டியில் நீர் இன்னும் இருக்கிறது. ஊர்ப் பேச்சும், பாட்டி கதைகளும், விடுகதைகளும், பழமொழிகளும் நம் தலைமுறையோடு முற்றும் வற்றிவிடவில்லை. நாம் சிறிது இறங்கி வந்தால் அவர்கள் ஏறுவர். 'எனக்கு நேரமில்லை' என்று உச்சியிலேயே நின்றுவிட்டால், இரு பெட்டிகளும் நின்ற இடத்திலேயே நிற்கும்.

இறுதியாக ஒரு சொல். துணிதல் என்பதற்கு அறுபடுதல் என்ற பொருளோடு, முடிவு செய்தல் என்ற பொருளும் தமிழில் உண்டு. 'துணிவு' என்பது அதிலிருந்து வந்தது. ஆங்கிலத்தில் முடிவு செய்தலைக் குறிக்கும் 'டிசைட்' என்னும் சொல்லுக்கும் இலத்தீனில் வெட்டுதல் என்பதே மூலப்பொருள். ஐயத்தை வெட்டினால்தான் முடிவு பிறக்கும் என்று இரு மொழியாரும் தனித்தனியே கண்டனர் போலும்! தாய்மார்களே, பெரியோர்களே! துணுக்கோடு நில்லாமல் துணிவுக்கு வருவோம். இன்றிரவே, உங்கள் இல்லத்தில், ஒரு கவளத்தோடு ஒரு சொல்லைச் சேர்த்து ஊட்டுங்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை, பிள்ளையைக் கைப்பிடித்து வகுப்புக்கு அழைத்து வாருங்கள்.

முன்வரிசைக் குழந்தைகளே! உங்கள் பொறுமைக்கு நன்றி. பொங்கல் ஆயத்தமாகிவிட்டது என்று செயலாளர் சைகை காட்டுகிறார். அதில் மிதக்கும் முந்திரிப் பருப்பை நீங்கள் கடைசியில் உண்பதற்காக ஓரத்தில் ஒதுக்கி வைப்பீர்கள். அப்போது அதற்குத் தமிழில் என்ன பெயர் என்று பக்கத்தில் இருக்கும் உங்கள் அம்மாவையோ பாட்டியையோ ஒரு முறை கேளுங்கள். அவர்களுக்குத் தெரியவில்லையென்றால் இருவரும் சேர்ந்து நம்மிடம் வாருங்கள்.